பிள்ளைகளிடம் சொல்லப்படாத மரணம்

ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் பெரியவர்களைத் தேற்ற உறவும் அக்கம்பக்கமும் திரண்டு வந்துவிடுகின்றன. அதே வீட்டுப் பிள்ளைகளோ பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள், அல்லது கையில் கைபேசியோடு உள்ளறையில் உட்கார வைக்கப்படுகிறார்கள். ‘அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்’, ‘பாட்டி தூங்குகிறார்’, ‘சாமி அழைத்துக்கொண்டார்’ என்று சொல்வதெல்லாம் அன்பினால்தான் என்றாலும், ஊருக்குப் போனவர் ஏன் சொல்லாமல் போனார் என்று ஏங்கவும், இரவில் கண்மூடப் பயப்படவும், அடுத்து அம்மாவையும் சாமி அழைத்துக்கொள்வாரோ என்று நடுங்கவும் இந்தச் சொற்களே காரணமாகிவிடுகின்றன. அப்பாவின் உடல் வேலை செய்வது நின்றுவிட்டது, அவர் இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார் என்று மடியில் வைத்துச் சொல்வது கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும், குழந்தை பற்றிக்கொள்ளக்கூடிய உண்மை அது ஒன்றே.

மரணத்தைப் பற்றிய அறிவு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வாய்ப்பதில்லை. இறந்தவர் மீள்வதில்லை, அவருக்குப் பசியும் வலியும் இல்லை, எல்லா உயிருக்கும் இந்த முடிவு உண்டு என்னும் மூன்று கூறுகளைப் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் அறிந்துகொள்கிறார்கள் என்று ஸ்பீஸ், பிரென்ட் என்னும் ஆய்வாளர்கள் 1984இல் தொகுத்துக் காட்டினர். அந்த வயதுக்கு முன் குழந்தையிடம் உளவியலாளர்கள் மாய எண்ணம் என்று குறிப்பிடும் ஒரு போக்கு வலுவாக இருக்கும். அதாவது, தான் நினைத்ததாலோ சொன்னதாலோதான் வெளியுலகில் ஒன்று நடந்தது என்ற நம்பிக்கை. முதல் நாள் அம்மாவிடம் கோபித்துக்கொண்டதால்தான் அம்மா இறந்தார் என்று ஒரு குழந்தை யாரிடமும் சொல்லாமலே நம்பிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், கேட்காவிட்டாலும்கூட ‘இது உன்னால் நடக்கவில்லை’ என்று பெரியவர்களே சொல்லிவிட வேண்டும். காலையில் தேம்பியழுத பிள்ளை மாலையில் தெருவில் விளையாடினால் துக்கமே இல்லை என்று கருதிவிடக் கூடாது; பெரும் துயரத்தைச் சிறிது சிறிதாகத் தாங்கிக்கொள்வது குழந்தைகளின் இயல்பு.

துக்கப்படும் பிள்ளையின் மேல் பெரியவர்களின் சுமை ஏற்றப்படுவதும் உண்டு; மைசூரின் வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1894 டிசம்பர் 28 அன்று, கல்கத்தாவில், தொண்டை அடைப்பான் நோயால் 31ஆம் வயதில் மறைந்தபோது, அவருடைய மூத்த மகன் கிருஷ்ணராஜனுக்கு வயது பத்து. ஐந்தே வாரங்களில், 1895 பிப்ரவரி 1 அன்று, அச்சிறுவன் அரியணையில் அமர்த்தப்பட்டான். 1902 வரை அவன் சார்பில் அரசாண்டவர் அவனுடைய தாய் கெம்பநஞ்சம்மணி. கணவரை இழந்த இளம் தாய் அரசையும் பிள்ளைகளின் வளர்ப்பையும் ஒருசேரச் சுமந்தது பெருமைக்குரியதே. ஆயினும் பத்து வயதுப் பிள்ளையின் மேல் தந்தையின் இடத்தை உடனே ஏற்றி வைப்பது அரண்மனைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ‘இனிமேல் நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை, நீ அழக் கூடாது’ என்று கொள்ளி வைத்துவிட்டு வரும் சிறுவனிடம் சொல்லாத ஊர் இல்லை. துக்கப்படும் உரிமையை அவனிடமிருந்து பறிக்கும் அந்த வாக்கியத்தைப் பெரியவர்கள் அறவே விட்டுவிடுவது நல்லது.

அதே நகரில் வாழ்ந்த தமிழரான எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் மனைவி ராஜம் 1939இல் டைபாய்டு காய்ச்சலால் இறந்தபோது, மகள் ஹேமாவுக்கு மூன்று வயதளவே. மறுமணம் செய்துகொள்ளாமல் மகளை வளர்த்த நாராயண், 1945இல் வெளிவந்த ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலில், மனைவியை இழந்து சிறு மகளோடு தனித்துவிடப்பட்ட ஓர் ஆசிரியரின் கதையாகத் தம் துயரத்தை எழுதினார். இவ்வாறு இறந்தவரை எழுத்தில் நினைவுகூர்வதும் ஒரு பிணைப்பே. இறந்தவரை மறப்பதே ஆறுதல் என்ற பழைய கருத்துக்கு மாறாக, இறந்தவரோடு உள்ள உறவு வேறு வடிவில் நீடிக்கலாம் என்பதை ‘தொடரும் பிணைப்பு’ என்ற பெயரில் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1996இல் நூலாக முன்வைத்தனர். படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்றி, ஆண்டுதோறும் திதி கொடுத்து, மகாளய அமாவாசையில் நீர் இறைக்கும் சமூகத்துக்கு இக்கருத்து புதியதன்று. குறை என்னவென்றால், இச்சடங்குகளில் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் இடம் தரப்படுவதில்லை.

மைசூர்க் குடும்பங்கள் பலவும் அஸ்தி கரைக்கச் செல்லும் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பச்சிமவாகினிக்கு, வர விரும்பும் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். அங்கே என்ன நடக்கும், மண்கலத்தில் என்ன இருக்கும், யார் அழுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வரவில்லை என்று பிள்ளை சொன்னால் வற்புறுத்தவும் கூடாது. தசராவின்போது ஊரெங்கும் கொலு அடுக்கப்பட, துக்கம் நேர்ந்த வீட்டில் மட்டும் அவ்வாண்டு பொம்மைகள் பரணிலிருந்து இறங்காமல் இருப்பதற்கான காரணத்தையும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தன் வீடு மட்டும் தண்டிக்கப்பட்டுவிட்டது என்றே அது எண்ணிக்கொள்ளும்.

பதின்பருவத்தினரின் துக்கம் பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை; எரிச்சலாகவும், படிப்பில் நாட்டமின்மையாகவும், தோழர்களிடமிருந்து ஒதுங்குதலாகவும், சில வேளைகளில் அளவுக்கு மீறிய பொறுப்புணர்வாகவும் அது வெளிப்படுகிறது. ஏக்கமும் செயலிழப்பும் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கும் நிலையை மருத்துவர்கள் நீடித்த துயரக் கோளாறு என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வரையறையின்படி, பெரியவர்களுக்கு ஓராண்டும் பிள்ளைகளுக்கு ஆறு மாதமும் கடந்த பின்னரே அவ்வாறு கூற முடியும். ஆனால் சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது: டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை உடனே அழைக்கலாம்.

தாய் அல்லது தந்தையை இழந்த 125 பிள்ளைகளை, பாஸ்டன் பகுதியில் ஆய்வாளர்கள் வோர்டனும் சில்வர்மனும் இரண்டாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, எஞ்சியிருக்கும் பெற்றோர் எவ்வளவு நிலைகொண்டிருக்கிறார் என்பதே பிள்ளையின் நலத்தை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்று கண்டது. ஆதலால் தனித்துவிடப்பட்ட தாய்க்கோ தந்தைக்கோ சமையலிலும் பண விஷயத்திலும் கைகொடுக்கும் உறவினர், பிள்ளைக்கே உதவுகிறார். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது தெரியும் வேறுபாடு, முதலாண்டைவிட இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் கூடுதலாக இருந்தது என்பதும் அவ்வாய்வின் முக்கியமான செய்தி. அதற்குள் விசாரிப்புகள் ஓய்ந்திருக்கும், பள்ளியில் வகுப்பும் மாறியிருக்கும். எனவே பிள்ளையின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, இழப்பையும் திதி வரும் மாதத்தையும் பழைய வகுப்பாசிரியர் புதியவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.