கேரியர் இல்லாத சைக்கிள்

பெடல் பாதை – 9

கடை வாசலில் வரிசையாக நிற்கும் புது கியர் சைக்கிள்களைச் சற்று நின்று பாருங்கள். இருபத்தொரு கியர் இருக்கும். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் இருக்கும். முன்ஃபோர்க்கில் சஸ்பென்ஷன், சில வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங். டயரில் மலைப்பாதைக்கான முரட்டுக் கட்டைகள். மட்கார்டு மட்டும் இருக்காது. கேரியர் இருக்காது. செயின் கவர், லைட் எதுவும் இருக்காது. கேட்டால், “அதெல்லாம் தனியா மாட்டிக்கலாம் சார்” என்பார் கடைக்காரர்.

வாங்கி வந்தவருக்கு முதல் மழையில் முதுகு நடுவே இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு சேற்றுக் கோடு விழும். மறுநாள் பேன்ட்டின் வலது காலில் கிரீஸ் கறை. மூன்றாம் நாள் டிபன் பாக்ஸை எங்கே வைப்பது என்ற கேள்வி. ஒரு மாதம் கழித்து அந்த சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடும் இடமாகிவிடும்.

அன்றாடம் வேலைக்குப் போய்வரும் சைக்கிள் முழுதாகக் கடையில் கிடைப்பது இன்று அபூர்வம். வாங்கிய பிறகு, தெருமுனை சைக்கிள் கடையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் அதை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1949இல் முருகப்பா குடும்பத்தினர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் உருவாயின. 1951இல் சோனிபட்டில் அட்லஸ் வந்தது, 1956இல் லூதியானாவில் ஹீரோ. இவர்கள் எல்லோரும் செய்தது அடிப்படையில் ஒரே வண்டியைத்தான். ‘ரோட்ஸ்டர்’ என்ற ஆங்கிலேய வடிவம் அது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு, முழு நீள மட்கார்டு, கேரியர், வண்டியை நிமிர்த்தி நிறுத்தும் ஸ்டாண்டு. எடை இருபது கிலோவைத் தொடும். மெதுவாகத்தான் போகும். ஆனால் வேட்டி கட்டியவரும் அரிசி மூட்டை ஏற்றியவரும் அதை வாங்கிய அன்றே ஓட்டிப் போனார்கள்.

அந்த வண்டியின் வடிவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீட்டையும் ஹேண்டில்பாரையும் தாங்கும் குழாய்கள் இன்றைய சைக்கிள்களைவிட அதிகமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் அதிகம். அதனால்தான் குண்டுங்குழியுமான சாலையில் அது அதிர்ந்தாலும் தடுமாறுவதில்லை. சஸ்பென்ஷன் இல்லாமலே சமாளித்தது. மலிவான இரட்டை சஸ்பென்ஷன் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை: ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும். காலில் செலவழிக்கும் பலத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். தினமும் ஐந்து கிலோமீட்டர் போகிறவருக்கு அது வெறும் சுமை.

புது வண்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால், செலவே இல்லாத வேலையிலிருந்து தொடங்கலாம். அது சீட்டு உயரம்.

நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பது நம் ஊர் வழக்கம். அப்படி ஓட்டினால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். பத்து நிமிடத்தில் தொடை கடுக்கும், சில வாரங்களில் மூட்டு வலிக்கும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க அளவு நாடா வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வைக்க வேண்டும். அப்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டிய நகரத்தில் இதிலிருந்து ஒரு விரற்கடை இறக்கிக்கொள்வதில் தப்பில்லை. அதற்கு மேல் இறக்குவது மூட்டுக்குச் செய்யும் துரோகம். உயர்த்தும்போது சீட் கம்பியில் குறித்திருக்கும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கம்பி குழாய்க்குள் போதிய ஆழம் இறங்கியிருக்காது, ஒருநாள் வளையும் அல்லது குழாயைப் பிளக்கும்.

அடுத்தது ஹேண்டில்பார். மலை சைக்கிள் பாணியில் வரும் நேரான கம்பி, ஓட்டுபவரை முன்னால் குனிய வைக்கும். உடல் எடையின் ஒரு பகுதி மணிக்கட்டில் இறங்கும். பேருந்தும் ஆட்டோவும் உரசிச் செல்லும் சாலையில் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியவருக்கு இது பொருந்தாது. உயர்ந்து பின்னோக்கி வளைந்த பழைய மாதிரி ஹேண்டில்பார் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. மாற்றும்போது பிரேக் கேபிளும் கியர் கேபிளும் நீளம் போதாமல் போகும். அவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட வேண்டும்.

கியர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கியர் இல்லாத சைக்கிளுக்கும் ஒரு கியர் உண்டு. அதை யாரோ ஒரு தொழிற்சாலையில் முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரோட்ஸ்டரில் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 44 அல்லது 48 பற்கள், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பற்கள் இருப்பது வழக்கம். 44க்கு 18 என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக நிமிடத்துக்கு 46 மிதி. கேட்க வசதியாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மிதியும் கனம். மேம்பாலம் வந்தால் எழுந்து நின்று மிதிக்க வேண்டும்.

அந்த 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.8 மீட்டர். 22 பல் போட்டால் 4.4 மீட்டர். அதே வேகத்துக்கு முறையே 52, 57 மிதிகள். கால் சற்று வேகமாகச் சுற்றும், முழங்காலுக்குப் பாரம் குறையும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம். ஃப்ரீவீல் இறுகிப் போயிருக்காவிட்டால் கடைக்காரருக்கு இது அரை மணி நேர வேலை. சென்னை போன்ற சமதளமான ஊருக்கு இதுவே போதும். இருபத்தொரு கியரில் பெரும்பாலோர் மூன்றையோ நான்கையோதான் தொடுகிறார்கள். மீதி அத்தனையும் மண் சேரவும், மழையில் துருப்பிடிக்கவும், சரிசெய்யத் தெரிந்த ஆளைத் தேடி அலையவும்தான் இருக்கிறது.

மூன்று கியர் போதும் என்று ஆங்கிலேயர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த ‘ஏ.டபிள்யூ.’ ஹப், மூன்று கியரையும் பின்சக்கரத்தின் நடு உருளைக்குள்ளேயே மூடி வைத்தது. நடு கியர் நேரடி. கீழ்க் கியர் அதைவிட 25 சதவீதம் இலகு, மேல் கியர் 33 சதவீதம் கனம். மழையும் மண்ணும் உள்ளே போகாது, செயின் கவரும் மாட்டலாம். அந்தப் பெயர் இன்று தைவான் நிறுவனத்திடம் இருக்கிறது, ஹப்பும் தயாராகிறது. நம் ரோட்ஸ்டர்களுக்கு அது பரவலாக வராமல் போனது ஒரு இழப்புதான்.

இனி சுமை. ரோட்ஸ்டரின் முன்சக்கரக் கம்பிகளை எண்ணினால் 32 இருக்கும். பின்சக்கரத்தில் 40. ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கும் கேரியர் சுமை முழுதும் பின்னால் இறங்குவதால் இந்த எட்டுக் கம்பி வித்தியாசம். பால்காரரின் கேன்கள் கேரியரின் மேலே இல்லாமல் இரு பக்கமும் தாழத் தொங்குவதும் கணக்கோடுதான். சுமை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி நிலையாக நிற்கும். கேரியரின் பின்நுனியில் பாரத்தை வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். அலுவலகப் பையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். முதுகில் மாட்டினால் வேர்க்கும். கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பை நல்லது. அது இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கேரியரில் இறுக்கிக் கட்டிவிடலாம். கட்டுவதற்குப் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் பட்டைக்கு ஈடாக எந்த விலை உயர்ந்த கயிறும் இன்னும் வரவில்லை.

கேரியர் வாங்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஃபிரேமின் பின்பக்கம், அச்சுக்கு அருகே, கேரியர் கால்களை முடுக்கத் துளை இருக்கிறதா? இல்லாவிட்டால் சீட் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும் கேரியரைத் தலையில் கட்டுவார்கள். அது பத்து கிலோகூடத் தாங்காது. குழந்தையை அதில் உட்காரவைக்கவே கூடாது.

குழந்தை என்றதும் புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். அங்கே போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். சில பெண்கள் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்களாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் அந்த பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே! சேலையோடு ஏறி இறங்க வசதியாக அந்த பாரை எடுத்துவிட்டு வடிவமைத்த யாரும் இப்படியொரு கணக்கு இருக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

கேரியரில் பின்னால் உட்காரும் குழந்தைக்கு ஆபத்து வேறு வகை. தொங்கும் கால் சுழலும் கம்பிகளுக்குள் போய்விடும். குதிகாலும் கணுக்காலும் சிதைந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் காயத்துக்கு எலும்பு மருத்துவர்கள் ‘ஸ்போக் இன்ஜுரி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பின்சக்கரத்தின் மேல்பாதியை மறைக்கும் வலையும், கால் வைக்க ஒரு மிதிகட்டையும் அதைத் தடுக்கும். சேலையும் துப்பட்டாவும் சிக்காமல் காப்பதும் அதே வலைதான். சேர்க்க வேண்டியவற்றில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், குழந்தை ஏறும் வண்டிக்கு லைட்டுக்கும் முன்னால் இதைச் சொல்லலாம்.

சுமை ஏறிய சக்கரம் நாளாவட்டத்தில் கோட்டமாகும். கோட்டம் எடுப்பதை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்கு மிக அருகே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடிப்பார் மெக்கானிக். ரிம் எந்த இடத்தில் வெளியே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்தப் பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்குவார். மறுபடி சுற்று. கோடு குட்டையாகும். நடுநடுவே கம்பிகளை விரலால் சுண்டிக் கேட்பார். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். புது கியர் சைக்கிள்களில் டிஸ்க் பிரேக் இருப்பதால் கோட்டம் பிரேக்கில் உரசாது, அதனால் ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. கம்பி ஒவ்வொன்றாக அறுந்த பிறகுதான் கடைக்கு வருகிறார்கள்.

பிரேக்கைப் பொறுத்தவரை டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. ரோட்ஸ்டரின் பெரிய பலவீனமே அங்கேதான். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழைநீர் படிந்துவிட்டால் ரப்பர் கட்டை வழுக்கும். ஐப்பசி மழையில் சரிவிலிருந்து இறங்கியவர்களுக்கு அந்தத் திகில் தெரியும். பழைய வண்டியையே வைத்திருப்பவர்கள் அலுமினிய ரிம்முக்கு மாறினால் ஈரத்திலும் பிடி கிடைக்கும்.

வெளிச்சமும் அப்படியே. டயரில் உரசிச் சுற்றும் பாட்டில் டைனமோ 6 வோல்ட், 3 வாட் தரும். அதில் 2.4 வாட் முன்னால், 0.6 வாட் பின்னால். வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். நனைந்த டயரில் உருளை வழுக்கினால் அதுவும் போச்சு. இன்று சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்குகள் இந்தத் தொல்லையை ஒழித்துவிட்டன. முன் விளக்கைவிடப் பின்னால் எரியும் சிவப்பு விளக்கே உயிர் காக்கும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

டயர் மாற்றம் பலரும் யோசிக்காத ஒன்று. கட்டை கட்டையாக இருக்கும் மலை டயர் தார்ச்சாலையில் ‘உய்ங்’ என்று இரையும், உருள மறுக்கும். அதே ரிம்மில் வழவழப்பான, சற்று ஒடுங்கிய சாலை டயர் போட்டால் சைக்கிளே மாறிவிட்டது போலிருக்கும். காற்று பின்சக்கரத்தில் கூடுதலாக இருக்க வேண்டும். கியர் சைக்கிளில் மோட்டார் பைக் போன்ற வால்வு இருப்பதால் பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாம். சைக்கிள் டியூபின் கொள்ளளவு சிறியது என்பதால் அந்த இயந்திரத்தில் நொடிப்பொழுதில் அழுத்தம் ஏறிவிடும். கை கவனமாக இருக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போகிற இந்தியர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போவதாகத் தெரியவந்தது. அவர்களுக்காக உருவான வண்டிகள் கடை முகப்பிலிருந்து மெல்ல விலகிவிட்டன. அட்லஸின் சாகிபாபாத் தொழிற்சாலை வேலையை நிறுத்தியது 2020 ஜூன் 3. அன்று உலக சைக்கிள் தினம்!

மட்கார்டு, செயின் கவர், கேரியர், லைட், சாலை டயர் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், பலருக்கும் ஓர் எளிய ரோட்ஸ்டரையே வாங்கி 20 பல் ஃப்ரீவீல் மாட்டுவது சிக்கனமாக முடியும். ஏற்கெனவே கியர் சைக்கிள் வாங்கிவிட்டவர்கள் மட்கார்டில் தொடங்கட்டும். அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

(தொடரும்)

அடுத்த வாரம்: பஞ்சர் ஒட்டுவது எப்படி, எப்போது ஒட்டக் கூடாது