கண் நன்றாக இருப்பவருக்கும் எதற்கு மாத்திரை?

துபாய் சத்வா பஸ் ஸ்டேஷனில் நிற்கும் கூட்டத்தில் ஈரானி, நேபாளி, பாகிஸ்தானி, நம்மூர்க்காரர் எல்லோரையும் பார்க்கலாம். டிரக்கோமா என்ற தொற்றுக் கண்நோய் இனி எங்களுக்குப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்ற நாடுகள் இவர்களுடையவை. முதன்முதலில் அதை வாங்கியது பக்கத்து ஓமன், 2012இல். ஈரானும் நேபாளமும் 2018இல் வாங்கின. இந்தியாவும் பாகிஸ்தானும் 2024இல்தான். எத்தியோப்பியா இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது.

குழந்தையின் கண்பீளை, அம்மாவின் முந்தானை, வீட்டுக்கே ஒரு துண்டு, மொய்க்கும் ஈ: டிரக்கோமாவை உண்டாக்கும் பாக்டீரியா பரவ இவ்வளவு போதும். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்கும். இமை உள்ளே மடங்கி, கண் சிமிட்டும்போதெல்லாம் முடி கருவிழியை உரசும். பார்வை போவது பல வருடம் கழித்து.

ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் கண் தெளியும். தங்கையிடமிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஊருக்கே மாத்திரை. கடலூர்ப் பக்கத்தவர்களுக்கு யானைக்கால் மாத்திரை வீடுவீடாக வந்தது ஞாபகம் இருக்கும், கணக்கு அதேதான். ஒன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் மேலிமையைப் புரட்டி, உருப்பெருக்கியில் கொப்புளங்களை எண்ணுவார்கள். அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஐந்து இருந்தால் நோய். நூற்றில் பத்துப் பிள்ளைகளுக்கு அப்படி இருந்தால், அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை அசித்ரோமைசின். எடை பார்க்கும் இயந்திரம்கூட வேண்டாம். கோடு போட்ட அளவுகோலை ஒட்டிப் பிள்ளையை நிறுத்தி, உயரத்தைப் பார்த்து மருந்தளவைச் சொல்லிவிடலாம். ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு டெட்ராசைக்ளின் களிம்பு.

நிகோபாரில் இது நடந்தது. 2010இல் கார் நிகோபார் தீவில் சோதித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோய் இருந்தது. தீவு முழுக்க மூன்று வருடம் மருந்து கொடுத்த பிறகு, 2013இல் அது ஏழு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் மாத்திரை வாங்கித் தருவது அவகாசம்தான். முகம் கழுவத் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத ஊரில் நோய் மறுபடி தலைதூக்கும்.

அப்படியென்றால், பலர் சேர்ந்து தங்கும் பெட் ஸ்பேஸில் ஒருவருக்கு ‘மெட்ராஸ் ஐ’ வந்தால் அறையில் எல்லோரும் ஆன்டிபயாடிக் போடலாமா? வேண்டாம். அது பெரும்பாலும் வைரஸ். அசித்ரோமைசின் அதை ஒன்றும் செய்யாது. தனித்துண்டு, தனித்தலையணை, அடிக்கடி கைகழுவல். ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். வலி கடுமையானாலோ பார்வை மங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டும்.