அப்பா போட்டது சாட்சிக் கையெழுத்து அல்ல!

தலைவலி வந்தால் மாத்திரை போடுகிறோம். பாங்க்கிலிருந்து போன் வந்தால்..? 'சைலன்ட்'டில் போடுகிறோம்!

கல்விக் கடன் வாங்கிய இளைஞர்கள் பலருக்கு இந்த வைத்தியம் அத்துப்படி. எங்கள் ஆபீஸிலேயே ஒரு தம்பி, பாங்க் மேனேஜர் நம்பரை 'ராகு காலம்' என்ற பெயரில் பதிந்து வைத்திருக்கிறார். கேட்டால், "மெதுவாக் கட்டிக்கலாம் சார்... எங்கே ஓடிப்போகப் போறேன்?" என்கிறார்.

அவர் ஓடமாட்டார். வட்டி ஓடுமே! இன்ஜினீயரிங் படிக்க வருஷத்துக்கு ஒரு லட்சமாக 4 லட்சம் வாங்கியதாகவும், வட்டி 10 சதவிகிதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற 4 வருஷமும், பொதுவாக அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கேட்கமாட்டார்கள். தனிவட்டிதான் என்றாலும் கூட்டிப் பார்த்தேன்... 1,40,000 ரூபாய்! முதல் தவணைக்கு முன்பே கடன் 5,40,000. பதினைந்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 5,800 ரூபாய்.

கட்டாமல் விட்டால்? 30 நாள், 60 நாள் என்று படிப்படியாகக் கணக்கைக் கவலைக்கிடமான பட்டியலில் சேர்ப்பார்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். சிபில் மதிப்பெண்ணும் சரியும்.

இங்கேதான் அப்பா வருகிறார். பாரத்தில் அவர் போட்டது ஏதோ சாட்சிக் கையெழுத்து என்றுதான் பல வீடுகளில் நினைப்பு. இல்லை ஐயா, அவரும் கூட்டுக் கடன்காரர்! மகன் தவணை தவறினால் அப்பாவின் சிபிலும் சேர்ந்தே விழும். தங்கை கல்யாணத்துக்கு லோன் கேட்டு அவர் போய் நிற்பார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். வாழ்நாளில் ஒருத்தரிடமும் கைமாத்து வாங்காத மனுஷனுக்கு, ஏன் என்றே புரியாது.

பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் கூடுதலாக உஷாராக இருக்கவேண்டும். ஐ.பி.பி.எஸ். அறிவிப்பிலேயே கடன் வரலாறு சுத்தமாக இருக்கவேண்டும் என்று கண்டிஷன் உண்டு. கடன் வரலாறு சரியில்லாத ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் பாங்க் ரத்து செய்தது சரியே என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை கிடைத்தால் கடனைக் கட்டுவேன் என்பவருக்கு, கடனைக் கட்டாததாலேயே வேலை போனால்... விசுவின் படம் மாதிரி ஆகிவிடும்!

அதற்காக நடுங்கவும் வேண்டாம். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். "போலீஸ் வரும்" என்று வசூல் ஆசாமி மிரட்டினால் அது வெறும் உதார். காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பின்போ அவர்கள் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், தேர்தல் தள்ளுபடிக்குக் காத்திருப்பதைவிட, 90 நாளுக்குள் நேரே கிளைக்குப் போய்விடுவது மேல். வேலையில்லாத காலத்தில் தவணையைத் தள்ளிவைக்க, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. கவுன்ட்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

'பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்' என்று ஆசை காட்டினாலும் அவசரப்படாதீர்கள். சிபிலில் அது 'குளோஸ்டு' என்று வராது. 'செட்டில்டு' என்று வரும். அடுத்து வீட்டு லோன் கேட்கும்போது, அந்த ஒரு வார்த்தையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.