லாரித் தொழிலை இளைஞர் விலக்குவது ஏன்?

பள்ளங்கி போன்ற கோடை மலைச் சிற்றூர்களின் காய்கறி, மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டுமானால், ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து லாரியை மலையிலிருந்து இறக்க வேண்டும். அந்த இருக்கையில் அமர இன்றைய இளைஞர் முன்வருவதில்லை. "படித்த பிள்ளைகளுக்கு உடல் வளைவதில்லை" என்பது பெரியோர் கூறும் காரணம். அது சரிதானா?

கோடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. பாரத்துடன் இறங்கும் வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டினால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவேதான் 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பர் அனுபவசாலிகள். இத்தகைய பாடங்களைக் கற்பித்த பள்ளி, கிளீனர் வேலை. தார்ப்பாய் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டிரைவரின் அருகிலிருந்தே தொழில் பழகினர். கிளீனர் டிரைவரானார், டிரைவர் கடன் வாங்கிப் பழைய லாரிக்குச் சொந்தக்காரரானார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் இப்படி உயர்ந்தவர் பலர்.

இன்று அந்த ஏணி முறிந்துவிட்டது. டீசல், டயர், காப்பீடு, சுங்கம் எனச் செலவு பெருகவே, பல லாரிகளில் கிளீனரே இல்லை. முதற்படி போயிற்று. புதிய லாரியின் விலையோ பல லட்சம், மேற்படியும் எட்டவில்லை. எஞ்சியிருப்பது நடுப்படி மட்டுமே. ஏறவும் வழியில்லாத படியில் எவர் கால் வைப்பர்?

நடுப்படியிலும் பாதுகாப்புக் குறைவு. 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. ஆயினும் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்தவர் அதன் நிழலுக்கு வெளியே நின்றார். டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசும் இடங்களில், லோடுக்காகக் காத்திருக்கும் நாளுக்குக் கூலி இல்லை. இதே மலையில் தங்கும் விடுதியிலோ கடையிலோ வேலை செய்பவர் இரவு வீடு திரும்புகிறார். இளைஞர் எதைத் தேர்வார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. 2021இல் பிரிட்டனில் டேங்கர் ஓட்டுநர் பற்றாக்குறையால் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. ஜப்பான் 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநரின் கூடுதல் வேலை நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என வரம்பு கட்டியது. இந்தியாவிலும் 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாயிற்று. நல்ல தொடக்கமே, ஆனால் குளிர்ந்த அறை ஏணியாகிவிடாது.

பழகுநருக்கு ஊதியம், காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி, வழியில் உறங்க ஓர் இடம்: இவை கிடைத்தால் இளைஞர் வருவர். நாளை வண்டி வாடகை பேசும் வணிகராகவும், தொழிலாளர் சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலராகவும் அமரப்போகிறவர் நம்மில் சிலர். இரவில் மலையிறங்கும் அந்த மனிதரை அன்று நாம் நினைவில் கொள்வோமாக!