தண்டனைக்குப் பிறகு தொடங்கும் வழக்கு: போக்சோ மேல்முறையீடுகளில் நடப்பது என்ன?

போக்சோ வழக்கில் சிறப்பு நீதிமன்றம் தண்டனை அறிவித்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாகவே பெரும்பாலான குடும்பங்கள் கருதுகின்றன. அசோக் நகரில் உள்ள எங்கள் அலுவலகத்தைத் தேடிவரும் பெற்றோர் பலரிடம் தீர்ப்பின் நகல்கூட இருப்பதில்லை. தண்டிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்பதையோ, தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் அதனுடன் சேர்ந்தே வரும் என்பதையோ அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. அந்த நபர் மீண்டும் தெருவில் நடமாடுவதைக் கண்ட பிறகே விவரம் தெரியவருகிறது. ஊருக்கும் சேரிக்கும் ஒரே பாதை இருக்கும் இடங்களில் இதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

மேல்முறையீட்டில் குழந்தை மீண்டும் சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை. நீதிபதிகள் முன் இருப்பது விசாரணை நீதிமன்றத்தின் ஆவணக் கட்டு மட்டுமே. காவல்துறை கைப்பற்றாத பொருளும், அரசு வழக்கறிஞர் கேட்காத கேள்வியும் அந்தக் கட்டில் இருக்காது. போக்சோ சட்டத்தின் 29ஆம் பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக ஓர் அனுமானத்தைத் தருவது உண்மைதான். ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும் என்றே நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் கூறிவருகின்றன.

இதற்கு வலிமிகுந்த எடுத்துக்காட்டு அருகிலேயே இருக்கிறது. 2017 பிப்ரவரியில் முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த வேகத்தைப் பலரும் பாராட்டினார்கள். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு பதிவு செய்யப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சாட்சி விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் இலவச சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். முக்கியமானதாகச் சொல்லப்பட்ட கண்காணிப்புக் கேமரா பதிவு முறையாகக் கைப்பற்றப்பட்டு நிரூபிக்கப்படவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்பும் மரண தண்டனையும் ஒரே நாளில் வழங்கப்பட்டன.

'தொழில்நுட்பக் காரணங்களால் தப்பிவிட்டார்' என்று இத்தீர்ப்பை ஒதுக்கிவிடுவது எளிது. நாங்கள் அப்படிக் கருதவில்லை. வழக்கறிஞரின்றிக் கூண்டில் நிறுத்தப்படுபவர்களில் நம் மக்களும் உண்டு. அங்கே கேட்கும் நியாயத்தை இங்கே மறுக்க முடியாது. ஆனால் அவசரப் புலனாய்வுக்கு விலை கொடுத்தது அந்தக் குழந்தையின் குடும்பம். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, குழந்தையைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்குச் சட்டத்திடம் விடை இல்லை.

வயதும் அப்படித்தான். தமிழ்நாட்டிலிருந்து சென்ற யுவபிரகாஷ் வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழை மட்டும் வைத்து வயதை நிறுவ முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறி, போக்சோ தண்டனையை நீக்கியது. அந்த வழக்கின் பின்னணி வேறு. ஆனால் அதன் சட்டக் கூற்று எல்லா வழக்குகளையும் தொடும். வீட்டில் பிறந்து, பிறப்பு பதிவு செய்யப்படாத தலித் குழந்தைகளின் வழக்குகளில் இந்த ஓட்டை பெரிது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு சொல்லும் பள்ளிப் பிறப்புத் தேதிச் சான்றோ, மெட்ரிகுலேஷன் சான்றிதழோ, உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றோ விசாரணையின்போதே கோப்பில் சேர வேண்டும்.

காலக்கெடு பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. பாலியல் வல்லுறவுப் பிரிவுகளின்கீழ் விதிக்கப்பட்ட தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டை 6 மாதங்களில் முடிக்க வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. அந்தப் பட்டியலில் போக்சோ பிரிவுகள் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வாச்சாத்தி நினைவுக்கு வராமல் இருக்காது. 1992 ஜூனில் அந்தப் பழங்குடி கிராமத்தில் சிறுமிகள் உட்பட 18 பேர் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29 அன்று வந்தது. மேல்முறையீடுகளை நீதிபதி வேல்முருகன் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. நாள் மாறாமல் 12 ஆண்டுகள்.

இப்போது சாதிக்கு வருவோம். தண்டனை நிறுத்திவைப்பு மனுவில் பொதுச் சட்டம் அரசு வழக்கறிஞருக்குத்தான் வாய்ப்பளிக்கச் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவோ, பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் அறிவிப்பு பெறும் உரிமையையும், பிணை, தண்டனை உள்ளிட்ட எல்லா நிலைகளிலும் பேசும் உரிமையையும் தருகிறது. ஆகவே காவல்துறை அச்சட்டத்தைச் சேர்க்காமல் விடும்போது பறிபோவது கூடுதல் தண்டனை மட்டுமல்ல, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் குடும்பத்தின் குரலும்தான். இன்னொரு நுட்பம்: அச்சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்களையே குறிப்பிடுகிறது. குற்றப்பத்திரிகையில் போக்சோ பிரிவு மட்டும் இருந்தால் அது தடுமாறும். பாட்டன் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற தலித் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையில் சாதியும் பாலினமும் உடற்குறையும் பின்னிக்கிடப்பதை 2021இல் உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியது. ஆனாலும் சாதி அடிப்படையில் குற்றம் நடந்ததற்குச் சான்று இல்லை என்று அந்தப் பிரிவின் தண்டனையை நீக்கியது. 2016 ஜனவரி 26க்குப் பிந்தைய குற்றங்களில், பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்திருந்தது என்பதே போதும். அவரையோ குடும்பத்தையோ முன்பே அறிந்தவர் என்றால், மாறாக நிரூபிக்கப்படாத வரை அந்த அறிவை நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இதை வாக்குமூலத்தில் பதிவு செய்ய ஒரு வரி போதும். பல கோப்புகளில் அந்த வரி இருப்பதில்லை.

விடுதலைத் தீர்ப்பு வந்தால், பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்பதை மல்லிகார்ஜுன் கொடகாலி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குழந்தைகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு நாளன்றே சான்றிட்ட நகலுக்கு மனு கொடுங்கள். வழக்கு எண்ணைக் குறித்துவைத்து, முதல் இரண்டு மாதங்களேனும் வாரம் ஒருமுறை உயர் நீதிமன்ற இணையதளத்தில் மேல்முறையீடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.