ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த ஏன் இத்தனை நாள்?

திருப்புட்குழி மரகதவல்லித் தாயாரிடம் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள், வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிவதற்குள் அது முளைவிட்டால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. வறுத்த பயறே முளைக்கும் என்று நம்பும் ஊரிலும், கணினியில் தவறிப்போன ஓர் இனிஷியல் மட்டும் மாதக்கணக்கில் அசைவதில்லை.

பி.எம்.கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆதாரில் 'மு.ஏழுமலை', பட்டாவில் 'ழு.ஏழுமலை' என்று இருந்தால் போதும். இருவரும் ஒருவரே என்பது ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. தவணை நின்றுவிடும்.

பார்ப்பவர் ஒருவர், திருத்துபவர் வேறொருவர்

காஞ்சிபுரம் தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜக்கார்டு அட்டையில் உள்ள துளைகள்தாம் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்கின்றன. ஒரு துளை தவறினால், அந்தப் பூ வரும்போதெல்லாம் பிழையும் வரும். அதை முதலில் காண்பவர் நெசவாளர். அட்டையில் துளையிட்டவரோ வேறொருவர்.

அரசுக் கணினியிலும் இதே நிலைதான். பட்டா வருவாய்த் துறையிடம், ஆதார் அதன் ஆணையத்திடம், கணக்கு வங்கியிடம் இருக்கிறது. பிழையைக் கண்டுபிடிக்கும் அலுவலரிடம் திருத்தும் அதிகாரம் இருப்பதில்லை.

பிழையின் வேரும் ஆழமானது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவு மேம்பாட்டுப் பணியில் கையால் எழுதிய பதிவேடுகளில் விழுந்த தவறுகள், பிறகு அப்படியே கணினியிலும் ஏறின.

பூட்டு இருப்பதற்கு நியாயமும் உண்டு. பட்டாவில் யார் வேண்டுமானாலும் ஓர் எழுத்தை மாற்றலாம் என்றால், நாளை வரப்பையே நகர்த்திவிடுவார்கள். ஆனால், இனிஷியலை மாற்றவும் நிலத்தை மாற்றவும் ஒரே பூட்டு என்பதுதான் சிக்கல்.

'உங்களுக்கு மட்டும்தான்'

இன்னொரு காரணம், நிர்வாகங்கள் கணினியை நம்பும் அளவுக்கு மனிதரை நம்பாதது. பிரிட்டன் அஞ்சல் துறையில் 1999-ல் வந்த 'ஹொரைசன்' மென்பொருள், இல்லாத பணக்குறைவைக் காட்டியது. கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் முறையிட்டபோது, 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்ற பதிலே பலருக்குக் கிடைத்தது. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்த பிறகு, 2019-ல் மென்பொருளில் பிழைகள் இருந்ததை நீதிமன்றம் உறுதிசெய்தது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* ஆதார், பட்டா–சிட்டா, வங்கிப் புத்தகம் மூன்றையும் அருகருகே வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எதில் பிழையோ, முதலில் அதையே திருத்துங்கள். மூலத்தை விட்டு நகலைத் திருத்தினால் பிழை மீண்டும் வரும்.

* ஆதாருக்கு ஆதார் சேவை மையம், பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகம். ஆண்டுதோறும் வட்டங்களில் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். திட்டப் பதிவில் மட்டும் பிழை என்றால் வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.

* மனுவில் சர்வே எண், பட்டா எண், 'இப்போது உள்ளது – இருக்க வேண்டியது' ஆகியவற்றை எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்குக் கணக்கு இல்லை.

* அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஒருவர் சொன்னால் அது அவருடைய குறை. ஒரே பிழையோடு பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அது கணினியின் குறை என்பது அலுவலகத்துக்குப் புரியும்.

பயிரில் ஓர் இலை பழுத்தால் அந்தச் செடியைப் பார்க்கிறோம். வயலெல்லாம் பழுத்தால் மண்ணைப் பார்க்கிறோம். கணினிப் பிழைக்கும் அதே கண் வேண்டும்.