நேர்முகத்துக்கு முந்திய நேர்முகம்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டப்படிப்புக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே பெரும்பாலும் வாயில். சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரியை நாடும் கல்முனைப் பெண்ணோ அதிகாரிகள் முன் அமர்ந்து, "ஏன் இத்தொழில்?" என்ற வினாவுக்கும் விடையிறுக்க வேண்டும்.

"சேவை செய்ய ஆசை" என்று மனனம் செய்த வாக்கியம் அங்கே நெடுநேரம் தாங்காது. அவளிடம் சொந்தச் சரக்கு இல்லையா என்ன? படுக்கையில் கிடந்த உம்மம்மாவை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தவள், குதிகாலிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோல் முதலில் சிவப்பதைக் கண்டிருப்பாள். அதையே சொல்லட்டும். சிங்களமும் சிறிது பயிலட்டும். நியமனம் எவ்வூரில் கிடைக்குமென்று யார் அறிவார்?

ஆயினும் கடினமான நேர்முகம் வீட்டுத் திண்ணையிலேதான் நடக்கிறது என்பேன். "பெண்பிள்ளை இரவுக் கடமைக்குப் போவதா?" என்பார் வாப்பா. 627ஆம் ஆண்டில், அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத், மதீனாப் பள்ளிவாசலில் ருபைதா என்ற பெண்மணியின் கூடாரத்திலேயே பராமரிக்கப்பட்டார். வாப்பா அறியாத வரலாறன்று. மகள் அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம், "உம்மா என்னைப் பெற்ற இரவில், ஆஸ்பத்திரியில் அவர் அருகே விழித்திருந்தவள் யார் வாப்பா?" என்று கேட்டால் போதும்.